இருபத்தைந்து பூச்சுக்கு அடியில்

தாமுவே, ரங்கூன்
12.10.2003

அன்பு மகன் பாலாவுக்கு அம்மா எழுதுவது. பினாங்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை. மழை இன்னும் விடவில்லை, போன வாரம் தெருத் தண்ணீர் வாசற்படி வரைக்கும் ஏறிவிட்டு இறங்கியது. கலா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், எல்லாம் பர்மியத்தில்தான், நான் தமிழில் கேட்டால் அவள் பர்மியத்தில் பதில் சொல்கிறாள். உனக்கு எழுதச் சொன்னால் எழுத்து மறந்துபோச்சும்மா என்று சிரிக்கிறாள். நீயாவது அவளுக்குத் தமிழில் நாலு வரி எழுது, வெட்கப்பட்டாவது திருப்பி எழுதுவாள்.

இதையெல்லாம் எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லத் தைரியம் வருவதற்காகத்தான் மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வண்டிச் சக்கர விஷயம், பாலா. நீ கழற்றிக்கொண்டுபோன நாலு சக்கரத்தையும்தான் திருப்பி மாட்டினாய். இன்று அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. தாத்தாவுக்கு அந்த அமெரிக்க எஞ்சினியர் விட்டுப்போன செவெல் காரை விலைக்குப் பார்க்க, பழைய கார் வாங்குகிற ஊ சோ மின் வந்தார். ஒரு ஆணிகூட மாறாத வண்டி என்று அப்பா அவரிடம் மார்தட்டிக்கொண்டிருந்தார். அவர் எஞ்சினைப் பார்த்தார், மூடியடியில் இருந்த தகட்டைப் படித்து, வண்டி அறுபத்தெட்டு ஜனவரியில் மூன்றாவது வாரம் கட்டியது என்றார். பிறகு சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, காற்றடிக்கிற வால்வுத் துளையைச் சுற்றி விரலால் தடவினார். கம்பெனியிலிருந்து வந்த இரும்புச் சக்கரம் என்றால் அங்கே எழுத்தும் தேதியும் அடித்திருக்கும், சக்கரம் வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்திருக்க வேண்டும் என்று சொன்னார். நாலிலும் ஒன்றும் இல்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் புரட்டினால் அதில் எழுத்து பளிச்சென்று இருந்தது. ஒன்று அசல், நாலு மாற்று என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார், கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். புது டயர் மாற்ற நீ அந்தச் சக்கரங்களைப் போட்டாதாங் பேட்டையில் கபீர் பாய் பட்டறையில் பத்து நாள் விட்டுவைத்தது அப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீயும் கபீரும் சேந்து வித்துட்டீங்க, இல்லைன்னா எழுத்தை எறும்பா தின்னுச்சு என்று தெருவே கேட்கும்படி கேட்டார். கழட்டினதைத்தான்ப்பா மாட்டினேன் என்று நீ மூன்று தடவை சொன்னாய். அடுத்த மாதம் கிளம்பிவிட்டாய்.

நான் தேநீர்த் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஊ சோ மின் விரல் போன இடத்தைப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு வந்த வருஷம் முதல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்த நாலு சக்கரத்துக்கும் வெள்ளி பெயின்ட் பூசியது நான். பழைய பூச்சைச் சுரண்டியதே இல்லை, அதன் மேலேயே பூசி, காய்ந்ததும் மஞ்சளும் குங்குமமும் வைப்பேன். டிக்கிக்குள் கிடந்த ஸ்டெப்னி யார் கண்ணுக்கும் படாது என்று அதற்கு ஒருநாளும் பூசியதில்லை. எழுத்து என் பூச்சுக்குள் இருக்குமோ என்று அப்போதே எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்தது, பாலா, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வேற்று ஆண் முன்னால், அப்பா கோபத்துக்கு முன்னால், தப்பாக இருந்தால் என்ன ஆவது என்று விழுங்கிவிட்டேன். நம் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் கெமிஸ்ட்ரியில். பெயின்டை எதில் கரைக்கலாம் என்று அந்தத் தெருவில் வேறு யாருக்குத் தெரியும். பிறகு நீ போனாய், நாளாக ஆக அந்தப் பேச்சை எடுக்கவே பயமாகிவிட்டது. அதற்கப்புறமும் இரண்டு பூஜைக்கு அதே இடத்தில் பூசினேன்.

இந்தத் தடவை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குனிந்தபோது முன்சக்கரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. நகத்தைவிடக் கனம், ஓரத்தைப் பார்த்தால் இருபத்தைந்து வருஷப் பூச்சும் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. விழுந்த இடத்தில் ஒரு எழுத்தின் கால் தெரிந்தது. அப்பாவிடம் கேட்காமல் காஸ்டிக் சோடா வாங்கிவந்து, கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, கூழாகக் கரைத்து அப்பினேன். நுரைத்துக்கொண்டு கழன்று வந்தது. ஏழு, பன்னிரண்டு, நான்கு. அறுபத்தேழு டிசம்பர் நாலாம் தேதி, வண்டி பிறப்பதற்கு ஆறு வாரம் முன்னால். நாலு சக்கரத்திலும் அதே மாதம், ஸ்டெப்னியிலும் அதே மாதம்.

அப்பாவைக் கூப்பிட்டேன். கைலி நுனியால் துடைத்துத் துடைத்துப் படித்தார். நான்தாங்க பூசினேன், அன்னைக்கே தோணுச்சு, சொல்லலை என்றேன். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். வண்டியை ஏற்றிவைத்திருக்கிற செங்கல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார், மத்தியானம் சோறு வேண்டாம் என்றார். மறுநாள் பஸ் பிடித்துக் கபீர் பாய் பட்டறைக்குத் தனியாகப் போனார். மூணு வருஷம் கழிச்சு டயர் பஞ்சரா தங்கவேலு என்று கபீர் பாய் கேட்டாராம், அதற்கு மேல் இவரை ஒன்றும் சொல்லவிடவில்லையாம். அவர் மனைவி லத்தீபா அக்கா தேநீர் கொடுத்துவிட்டு, எங்ககிட்ட வந்தது போதும், அந்தப் பிள்ளைகிட்ட சொன்னீங்களாண்ணே என்று கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் அந்தக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

இதோடு நாலு தாள் மடித்து வைத்திருக்கிறேன். சக்கரத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அந்த எழுத்துகளை எடுத்தது அப்பா. அழுத்தித் தேய்த்து இரண்டு தாள் கிழிந்துபோய், மறுபடி எடுத்தார். ஓரத்தில் இருக்கிற கறை அவர் கட்டைவிரல். இது மன்னிப்பு ஆகாது என்று எனக்குத் தெரியும். என் மன்னிப்பை நான் கேட்கிறேன், அவருடையதை அவர்தான் கேட்க வேண்டும். ஆனால் மூன்று வருஷமாக உன் கடிதத்தில் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை, தபால்காரர் வந்தால் அவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார். அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இனிமேல் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மழையில் நனைந்து வேலைக்குப் போகாதே, தலைக்கு எண்ணெய் வை. நீ எங்கே இருந்தாலும் உன் பேர் நல்ல பேராக இருக்கும், அதற்கு என் ஆசி உண்டு. ஒன்றை மறக்காதே. பதில் எழுதும்போது உறையில் என் பெயர் வேண்டாம், தங்கவேலு என்று எழுது. உள்ளே திட்டுவதானாலும் திட்டு, அவரே பிரித்துப் படிக்கட்டும்.

உன் அம்மா
கமலாட்சி