தொட்டி நீர் எச்சரிக்கையை எழுத்துப் பிழைக்காக நீக்கியது குறித்து

அனுப்புநர்:
தையற்காரர் (பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி),
மேல்மாடி, நான்காம் கட்டடம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
குடியிருப்போர் சங்கங்களின் பதிவு அலுவலகம்.

பொருள்: பிழையுள்ள செய்திகளை நீக்கும் சங்க விதியை ரத்து செய்யவும், அவ்விதியால் பழி சுமந்து வேலை இழந்த மோட்டார் இயக்குநரை மீண்டும் பணியில் அமர்த்தவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எழுதி எழுதிக் கிழித்து, இது நான்காவது தாள். இம்மனுவில் பிழை ஏதும் தங்கள் கண்ணில் பட்டால், அதை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பாமல், சொல்ல வந்த செய்தியை மட்டும் பார்க்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பது போகப்போகத் தங்களுக்கே விளங்கும்.

1. எங்கள் குடியிருப்பில் நான்கு கட்டடங்கள். அனைத்துக்கும் பொதுவாக மேலே ஒரே பெரிய தண்ணீர்த் தொட்டி. மோட்டார் போடுவது, தொட்டி கழுவுவது, வால்வு திருப்புவது எல்லாம் ஒரே ஆள். அவரை நாங்கள் மோட்டார் அண்ணன் என்போம். மனைவியுடன் மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் இருக்கிறார். கோபக்காரர். யாராவது குழாயைத் திறந்துவிட்டு மறந்தால் படியேறி வந்து திட்டுவார். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது.

2. முன்பெல்லாம் தண்ணீர் நிற்கப்போகிறது என்றால், அவர் நான்கு கட்டடங்களுக்கும் நடுவே நின்று ஒரு குரல் கொடுப்பார். குக்கர் விசிலையும் மிஞ்சும் குரல். உறங்குகிறவர்களும் எழுந்து குடத்தை வைப்பார்கள். இது நாகரிகமாக இல்லை, விருந்தாளிகள் முன்னால் தலைகுனிவாக இருக்கிறது என்று சங்கம் சென்ற ஆண்டு தீர்மானம் போட்டுக் கத்துவதைத் தடை செய்தது. இனி எந்த அறிவிப்பானாலும் வாட்சப் குழுவில் எழுத்தில்தான் வரவேண்டும், வாய்க் குரல் பதிவும் கூடாது என்றார்கள்.

3. அந்தக் குழுவை நடத்துபவர் எங்கள் சங்கச் செயலாளர். அவருக்கு மொழிப்பற்று அதிகம். எந்தச் சொல்லுக்குப் பின் எந்த ஒற்று மிகும் என்பதிலேயே பொழுது போகும் மனிதர். ஆகவே முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘ஒற்று ஐயா’ என்று பெயர். முதலில் பிழைகளைத் திருத்தினார். பின்னர் நீக்கத் தொடங்கினார். அதன்பின் அதை விதியாகவே ஆக்கிவிட்டார்: பிழையுள்ள செய்தி நீக்கப்படும், எழுதியவர் திருத்தி மீண்டும் இடவேண்டும், ஒரே நாளில் மூன்று முறை தவறினால் அன்று முழுதும் அவர் எழுத முடியாதபடி பூட்டு.

4. ஐயா, பிழைகள் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. உண்டு, ஏராளமாக உண்டு. ‘வாழ்துக்கள்’ என்று வாழ்த்துகிறார்கள். ‘முயற்ச்சி’ செய்கிறார்கள். சுவரில் ஆணி அடிக்கத் தெரிந்தவர்களும் ‘சுவற்றில்’ என்றுதான் எழுதுகிறார்கள். ‘குழந்தைகள் விளையாடுகிறது’ என்று படிக்கும்போது எனக்கே பல் கூசும். தையல் கோணினால் பிரித்துத் தைக்கச் சொல்வதுபோல், எழுத்து கோணினால் திருத்தச் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்கலாமா?

5. இரண்டாம் கட்டடத்து அக்காவின் வீட்டுக்காரர் இறந்தபோதே எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அந்த அக்கா அழுதுகொண்டே ‘காளமானார்’ என்று எழுதிவிட்டார். நீக்கப்பட்டது. திருத்தி எழுதினார். நாங்கள் பலரும் ‘ஆழ்ந்த இரங்கள்’ என்று போட்டோம். அவையும் வரிசையாக நீக்கப்பட்டன. கடைசியில் குழுவில் மிஞ்சியது ஒரே ஒரு இரங்கல், செயலாளருடையது. அதில் ஒற்றுகள் எல்லாம் சரியாக இருந்தன. அன்றைக்கு நாங்கள் மாடிப்படியில் நின்று அதைச் சொல்லிச் சிரித்தோம். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை.

6. அதன்பின் குழுவில் எழுதவே ஆள் இல்லை. லிஃப்ட் விளக்கு எரியாவிட்டால்கூட எதற்கு வம்பு என்று இருட்டிலேயே ஏறி இறங்கினோம். மோட்டார் அண்ணனுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. எழுதித்தான் ஆகவேண்டும். அவர் பேசுவதுபோலவே எழுதுகிறவர். தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் குழாயின் வால்வு தேய்ந்துவிட்டது, அடைத்தாலும் ஒழுகுகிறது, மாற்றித் தாருங்கள் என்று அவர் எழுதியதும் இப்படித்தான் காணாமற்போனது. திருத்தி எழுதியதும் நீக்கப்பட்டது. மூன்றாவதாக அவர் எழுதவில்லை. வால்வும் மாறவில்லை.

7. இனி நடந்த கொடுமைக்கு வருகிறேன். சென்ற சனிக்கிழமை தொட்டி கழுவும் நாள். பத்து மணி முதல் தண்ணீர் வராது என்று செயலாளர் முன்தினமே அழகாக அறிவித்திருந்தார். அதன்படி மோட்டார் அண்ணன் வால்வை அடைத்து, தொட்டியின் அடியில் பாசி போவதற்காகப் பிளீச்சிங் கரைசலைக் கெட்டியாக ஊற்றி ஊறவிட்டுக் கீழே வந்தார். கை கழுவக் குழாயைத் திறந்தவருக்கு வாடை மூக்கைத் துளைத்தது. தேய்ந்த வால்வு வழியே கரைசல் வீட்டுக் குழாய்களில் இறங்கிக்கொண்டிருந்தது.

8. உடனே அவர் குழுவில் எழுதினார். முதல் கட்டடத்துப் பல் மருத்துவர் அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்ததால் அதன் வாசகம் இன்று நமக்குக் கிடைக்கிறது. உள்ளது உள்ளபடி: ‘யாரும் தன்னிய தொடாதிங்க டேங்க் மருந்து பைப்புள வந்துருச்சி கண்ணு எறியும்’. ஐயா, இதில் தங்களுக்குப் புரியாதது ஏதாவது உண்டா? எனக்கு ஒன்றும் இல்லை. செயலாளர் அதை நீக்கினார்.

9. நீக்கியதோடு நிற்கவில்லை. பிழையான சொற்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றின் எதிரே பெருக்கல் குறி போட்டு, மூன்று சுழி ண எங்கே வரும் என்று பாடம் எழுதினார். ஆகவே எங்கள் கண்ணில் பட்டது செய்தி அல்ல, ‘தன்னிய’, ‘பைப்புள’, ‘எறியும்’ என்ற மூன்று சொற்கள்தான். மோட்டார் அண்ணன் மறுபடியும் முட்டிமோதி எழுதினார். நீக்கப்பட்டது. மூன்றாவதும் போனது. பூட்டு விழுந்தது. செயலாளரைக் கூப்பிட்டிருக்கிறார். எழுத்தில் போடவும் என்று சொல்லிவிட்டு அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டாராம். நான் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணன் இன்றைக்கும் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். பலர் அந்தத் திருத்தத்தின் கீழே சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள். பிறகு சீருடைக்குக் காலர் வைக்கப் போய்விட்டேன்.

10. எழுத வழி அடைபட்டதும் மோட்டார் அண்ணன் முதல் கட்டடத்திலிருந்து வீடு வீடாகக் கதவைத் தட்டத் தொடங்கியிருக்கிறார். கத்தவில்லை. கத்தினால் வேலை போகும் என்று தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறது. மூச்சிரைக்க எங்கள் நான்காம் கட்டடத்தின் படியில் அவர் கால் வைக்கும் நேரத்தில், வெளியூர் சவாரி முடித்து வந்து படுத்திருந்த என் கணவர் எழுந்து முகம் கழுவப் போனார். அவருக்கு ஒரு வாரமாகக் கடுமையான சளி. மூக்கு அடைத்து எந்த வாடையும் தெரியாது. வராது என்ற தண்ணீர் வருகிறதே என்று மகிழ்ச்சியோடு இரண்டு கையாலும் அள்ளி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அடித்துக் கழுவியிருக்கிறார். அவர் போட்ட அலறலைக் கேட்டு உதவிக்கு ஆள் கூப்பிட ஓடினேன். கதவைத் திறந்தேன். வாசலில் மோட்டார் அண்ணன் தட்டுவதற்குக் கையை ஓங்கியபடி நின்றிருந்தார்.

11. குடிநீர்க் குடத்தை எடுத்து என் கணவரின் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தவரும், தோளில் தாங்கிக் கீழே இறக்கியவரும் அவரே. வலது கண் தப்பியது, ஓய்வுக்காக அதற்கும் சேர்த்தே கட்டுப் போட்டிருக்கிறார்கள். இடது கண்ணின் மேல்தோல் வெந்திருக்கிறது என்றும், பார்வை எவ்வளவு திரும்பும் என்று கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றும் மருத்துவர் கூறினார். அந்தக் குடமும் இல்லாதிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றும் அவரே சொன்னார்.

12. மறுநாள் சங்கம் அவசரமாகக் கூடியது. அண்ணனுக்கு ஒரு பாராட்டாவது சொல்லப்போகிறார்கள் என்று வெகுளியாக நம்பியிருந்தேன். மோட்டார் இயக்குநர் முன்னெச்சரிக்கை எதுவும் விடுக்கவில்லை, அவருடைய கவனக்குறைவே விபத்துக்குக் காரணம், உடனடியாகப் பணிநீக்கம், வெள்ளிக்கிழமை மாலைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம். எச்சரிக்கை எங்கே என்று கேட்டவர்களுக்குக் குழுவைக் காட்டுகிறார்கள். குழுவில் அவர் எழுதிய ஒரு சொல்லும் இல்லை. இருக்குமா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவரே பழியையும் எழுதிக் கொடுக்கிறார்.

13. நேற்றுச் செயலாளரும் பொருளாளரும் ஆப்பிள் பழங்களோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். மோட்டார் அண்ணன்மீது காவல் நிலையத்தில் கொடுப்பதற்கு என் பெயரில் ஒரு புகாரையும் தட்டச்சு செய்து எடுத்து வந்திருந்தார்கள். நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதும், மருத்துவச் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று ஆறுதல் கூறினார்கள். கட்டிலில் இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடந்த என் கணவர் அவர்கள் பேசியதெல்லாம் கேட்டுவிட்டு, செயலாளர் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பி ஒன்றே ஒன்று கேட்டார்: “மோட்டாரண்ணன் ஏன் சார் கத்தல? அவர் ஒரு சத்தம் போட்டிருந்தா, நான் தூக்கத்துலயே எந்திரிச்சிருப்பேனே.”

14. ஆப்பிள் பையைக் கட்டிலருகே வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லும்படி என்னிடம் கூறிவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். படித்த மனிதர்கள், பெரியவர்கள், எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பவர்கள். அவர்களால் இது முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றும் எனக்கு விளங்கவில்லை.

15. வால்வு அடைபடாமல் ஒழுகியது யார் குற்றம் என்பதைத் தாங்கள் தாராளமாக விசாரிக்கலாம். அண்ணன் பக்கம் தவறு இருந்தால் அதையும் எழுதுங்கள். ஒழுகும் என்று தெரிந்த வால்வை நம்பி மருந்து ஊற்றினீர்கள் அல்லவா என்று நானே அவரிடம் சண்டைபோட்டேன். கழுவாவிட்டால் கழுவவில்லை என்று கேட்பீர்கள் என்றார். ஆனால் அவர் சொல்லவே இல்லை என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. அவர் மூன்று முறை சொன்னார்.

ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து, வெள்ளிக்கிழமைக்கு முன்பாகவே தலையிட்டு அந்தப் பணிநீக்கத் தீர்மானத்தை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். தம்பதியரை அறையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க வேண்டுகிறேன். செய்தியை நீக்கும் விதியையும், கத்தக் கூடாது என்ற தடையையும் ஒருசேர ரத்து செய்ய ஆணையிட வேண்டுகிறேன். பிழை திருத்த விரும்புகிறவர்கள் ஆபத்து கடந்த பிறகு ஆற அமரத் திருத்தட்டும், நாங்களும் கற்றுக்கொள்கிறோம்.

பல் மருத்துவர் எடுத்த படத்தின் நகலையும், என் பெயரில் அவர்கள் தட்டச்சு செய்த புகாரையும் இத்துடன் இணைத்துள்ளேன். அந்தப் புகாரை நான் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு பிழைகூட இல்லை. உண்மையும் இல்லை. அதனால் அதில் கையெழுத்திடவில்லை.

இம்மனுவில் என் கையெழுத்துக்குக் கீழே உள்ளது என் கணவருடையது. கட்டுப் போட்ட கண்ணோடு, நான் கையைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லி, அவரே போட்டது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இடம்: கண் மருத்துவமனை, ஆண்கள் பிரிவுத் தாழ்வாரம்
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து)
தையற்காரர், நான்காம் கட்டடம்

(கையெழுத்து)
பள்ளி வேன் ஓட்டுநர், அவர் கணவர்