லான்மேயின் பிள்ளைப்பேறும் என் விமானச் சீட்டும்

யா-ஆன்,
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்பு மகள் ருய்லினுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பா நன்றாக இருக்கிறார், இங்கே நான் வேலை பார்க்கும் நிலையத்தில் இருக்கும் பாண்டாக்கள் எங்கள் இருவரையும்விட நன்றாக இருக்கின்றன. நீ எப்படி இருக்கிறாய் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே பாட்டைப் பாடிவிட்டு ஃபோனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன், இதைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது. பிள்ளைத்தாய்ச்சி நீ, காலையில் சில்லென்று பாலும் காய்ந்த ரொட்டியும் சாப்பிடுகிறாய், அதை மாப்பிள்ளை மத்தியாஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். நல்ல பையன்தான், குறை சொல்லவில்லை, ஆனால் வெந்நீர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை ஹாம்பர்க்கில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. உன் அப்பாவிடம் புலம்பினால், மாஜாங் ஆட்டக் காய்களிலிருந்து கண்ணை எடுக்காமல் "அவ படிச்ச பொண்ணு, பாத்துக்குவா" என்கிறார். படித்தவளுக்குக் கால் வீங்காதா?

சரி, பிரசவத்துக்கு வருவீர்களா என்று போன வாரம் ஃபோனில் நீ கேட்டபோது நான் "பார்க்கலாம்" என்று சொன்னதற்கு நீ கோபப்பட்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு. எல்லாம் அந்த லான்மேயால் வந்தது. மலையில் காயத்தோடு கிடந்த பாண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்களே, அவள்தான். இங்கே இருக்கிற மற்ற பாண்டாக்களை எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் ஒன்றுக்கொன்று சித்தப்பா பிள்ளை பெரியப்பா பிள்ளையாகத்தான் இருக்கும், இவள் ஒருத்திதான் வெளி ரத்தம். இவளுக்குக் குட்டி பிறக்காவிட்டால் அந்த வம்சம் இவளோடு முடிந்தது. வயதும் ஏறிவிட்டது, இந்த வருடம் இல்லையென்றால் இனி இல்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் இரண்டு மூன்று நாள்தான் அவளுக்குப் பருவம். அந்த நாள் பார்த்து அடுத்த கூண்டில் இருந்த கடுவன், ஆண் பாண்டா, மூங்கிலைத் தின்றுவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கினான். கடைசியில் செத்துப்போன ஒரு கடுவனின் விந்தை உறைய வைத்திருந்தார்களே, அதை எடுத்து மயக்க ஊசி போட்டுக் குழாய் வழியாக உள்ளே செலுத்தினார்கள். அந்தக் குப்பியோடு அதுவும் தீர்ந்தது.

அதற்கப்புறம் தினமும் விடிந்ததும் அவள் சிறுநீரைத் தரையிலிருந்து ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து நிலையத்து டாக்டர் யன்னிடம் கொடுப்பது என் வேலை. டாக்டர் யன் சோதனை செய்துவிட்டு "கர்ப்பமாவும் இருக்கலாம், பொய்க் கர்ப்பமாவும் இருக்கலாம் அக்கா, ரெண்டுக்கும் சிறுநீர் ஒரே மாதிரிதான் பேசும்" என்பாள். வயிற்றில் கருவி வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, பாண்டாவின் கரு கடைசி நேரம் வரை எங்கே இருக்கிறது என்றே காட்டாது. உனக்கென்றால் டாக்டர் தேதி குறித்துக் கொடுத்துவிட்டார், இவளுக்கு மாதம்கூடச் சொல்ல முடியாது. இதில் இன்னொரு கூத்து. நம் ஆட்களுக்குத்தான் பிள்ளைத்தாய்ச்சி என்றால் உள்ளங்கையில் வைத்துத் தாங்கவேண்டுமே. லான்மே கொஞ்சம் சோர்ந்து படுத்தால் போதும், தனி அறை, குளிரூட்டி, கூடுதலாகச் சோள உருண்டை, தோல் சீவிய ஆப்பிள். போன இரண்டு வருடமும் இதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டுக் கடைசியில் ஒன்றுமே இல்லையென்று எழுந்து உட்கார்ந்தாள். அதனால் இந்த வருடம் அவள் படுத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலையத் தலைவர் லெய்யிடம் போய், இது நடிப்பு, இவளை எனக்குத் தெரியாதா, பிள்ளைப்பேற்று அறையை வேறு பாண்டாவுக்குக் கொடுங்கள் என்று சொன்னேன். என் பேச்சை நம்பி அவளைப் பழைய கூண்டுக்கே அனுப்பினார்கள். சோள உருண்டையையும் குறைத்தோம். நான் அன்று மாலையே உன்னிடம் வர விமானச் சீட்டு எடுத்தேன்.

சீட்டு கைக்கு வந்த மறுநாள் மத்தியானம், நான் மூங்கில் கழுவிக்கொண்டிருக்கிறேன், எலியை மிதித்தது மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஈர சிமெண்டுத் தரையில், தொழுவதற்குக் கூப்பிய கையில் அடங்கிவிடும் அளவுக்கு, ரோஸ் நிறத்தில் ஒன்று கிடந்து கத்துகிறது. வைக்கோல் இல்லை, சூடு காட்டும் விளக்கு இல்லை, எதுவுமே இல்லை, எல்லாம் நான் வேண்டாமென்று சொன்னது. லான்மே குனிந்து அதை வாயால் கவ்வி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், உன் பள்ளிக்கூட வாத்தியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. குட்டி பிழைத்துக்கொண்டது, பெண் குட்டி. அதற்கு நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்ல என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் சொன்னேன்.

பிறகு ஆரம்பித்தது அடுத்த தலைவலி. குட்டியைக் கீழே விடமாட்டாள், அதனால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கமாட்டாள். தேன் கலந்த தண்ணீரைக் கம்பி வழியாக நீட்டினால் என் கையில் மட்டும் குடிப்பாள், வேறு யார் நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தாய் தளர்ந்தால் குட்டி போயிற்று. லெய் வந்து "அக்கா, பயணத்த ஒரு மாசம் தள்ளிப் போடுங்க, கொழந்த எங்க ஓடிடப் போகுது" என்றார். எந்தக் குழந்தையைச் சொல்கிறார் என்றுகூட எனக்குப் புரியவில்லை. அந்த நிலைமையில்தான் நீ ஃபோன் செய்தாய், நானும் "பார்க்கலாம்" என்றேன், நீயும் "பரவால்லம்மா, நீங்க இருங்க, நான் சமாளிச்சுக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். அன்று நான் சாப்பிடவில்லை. உன் அப்பா இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார்.

முந்தாநாள் மழையில் மலையில் மண் சரிந்து விழுந்து பாதை அடைத்துவிட்டது. நிலையத்துக்குப் போகும் பேருந்திலேயே உட்கார்ந்து, லான்மே தாகத்தில் செத்துக்கொண்டிருப்பாள் என்று ஓட்டுநரைத் திட்டித் தீர்த்தேன், பாவம், மலையை அவரா தள்ளிவிட்டார். பொழுது சாய்ந்து ஓடிப்போய்ப் பார்த்தால், புதிதாக வேலைக்கு வந்த வென் தேன் தண்ணீரை நீட்டிக்கொண்டிருக்கிறாள், அந்த மகராணி கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருக்கிறாள். வென் சொல்கிறாள், "நீங்க வரலேன்னு கொஞ்ச நேரம் மொறைச்சா அக்கா, அப்புறம் தாகம் வந்துடுச்சு போல." நான் வந்து நின்றதைப் பார்த்தும் லான்மே தலையைத் தூக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்று இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், உன்னிடமும் சொன்னேன். ஒரு கிண்ணத் தண்ணீரில் அது முடிந்தது.

நேராக லெய்யிடம் போய், சீட்டை மாற்றவில்லை, செப்டம்பர் மூன்றாம் தேதி கிளம்புகிறேன் என்று சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் வந்துவிட்டேன். லான்மேக்கு வென் இருக்கிறாள், டாக்டர் யன் இருக்கிறாள், சுவரெல்லாம் கேமரா இருக்கிறது. உனக்கும் மத்தியாஸ் இருக்கிறான், ஆஸ்பத்திரி இருக்கிறது, நான் வராவிட்டாலும் நீ சமாளித்துக்கொள்வாய், சொன்னதைச் செய்கிறவள்தான் நீ. உனக்கு நான் தேவைப்படாமலே இருக்கலாம் ருய்லின். இருந்துவிட்டுப் போகட்டும். நான் வருகிறேன்.

நான் வந்து சேரும்வரை குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. பால் சுரக்க சூப் வைத்துக் கொடுக்கவேண்டும், பன்றிக்கால் நல்லதாகக் கிடைக்கும் கடையை விசாரித்து வை, மத்தியாஸ் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நோய்நொடி இல்லாமல், நல்லபடியாகப் பிரிந்து இரண்டு உயிராக இருக்க வேண்டும். விமான நிலையத்துக்கு நீ வரக்கூடாது, அவனை அனுப்பு.

உன் அம்மா,
பூ யூசியாங்