பரீட்சை முடியட்டும்

ஜனவரி 4, சனி

இன்றும் காற்று. போட் இல்லை. வீட்டில் இருந்தால் இதுதான் தொல்லை, வில்லியனூரில் எல்லாருக்கும் என் ஞாபகம் வந்துவிடுகிறது. அப்பாவின் மளிகைக் கடைக்கு எதிர்க்கடை சிவப்பிரகாசம் மாமா காலையிலேயே வந்துவிட்டார். மடுகரையில் அவர் கொல்லைக் கிணற்றில் மோட்டார் விழுந்துவிட்டதாம்.

"கடலுக்கு அடியிலயே போற பொண்ணு, கெணத்துல எறங்க மாட்டியா ஹேமா?"

"மாமா, நான் டூரிஸ்ட்டுக்கு மீனு காட்டற வேலை பாக்கறேன். மோட்டார் எடுக்கற வேலை இல்ல."

சிரித்தார். ஆனால் நம்பவில்லை. போன வருஷம் ஏரியில் விழுந்த தங்கச் செயின், அதற்கு முன்னால் யாரோ ஒருவரின் செல்போன். தண்ணீருக்குள் போனது எதுவாக இருந்தாலும் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்று ஒரு நினைப்பு. அம்மா தன் பங்குக்கு, "மீன் வாசமே ஆவாத வூட்ல பொறந்துட்டு மீனோட குடித்தனம் பண்றா" என்றாள். பொழுது போகவில்லை, கடலுக்கடியில் மூச்சு விடும் ரெகுலேட்டரைக் கழுவி வைத்தேன்.

ஜனவரி 7

வீரப்பண்ணன் போன் செய்தார். எங்கள் டைவிங் போட்டை ஓட்டுகிறவர், மணப்பட்டுக்காரர். அவர் போன் செய்தால் "பாப்பா, கடல் படுத்துடுச்சு, வரியா" என்றுதான் ஆரம்பிப்பார். இன்று குரலே வேறு.

தம்பி சுப்புராயன் நேற்று விடியற்காலை தனியாகத் தொழிலுக்குப் போனவர், திரும்பவில்லை. போகும்போது கடல் சும்மா இருந்ததாம். காற்று பிறகுதான் ஏறியது.

வண்டி எடுத்துக்கொண்டு மணப்பட்டு போனேன். கரை முழுக்க ஆட்கள். அவர் மனைவி செல்வகுமாரி அக்கா கடலைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண் மகாலட்சுமி பன்னிரண்டாவது படிக்கிறது. போட்டுக்கும் அந்தப் பெண் பெயர்தான். சிவப்பு ஃபைபர் போட், மஞ்சள் எழுத்து. எத்தனையோ தடவை எங்களுக்குக் கையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஜனவரி 10

தேடப்போன போட்டுகள் எல்லாம் திரும்பிவிட்டன. ஒன்றுமில்லை.

ஜனவரி 15

வேறு ஊர் மீனவர் ஒருவர் எஞ்சின் நின்று போய், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், எங்கோ ஆந்திராவில் கரை ஏறினாராம். எப்போது நடந்தது, யார், ஒன்றும் தெரியாது. மணப்பட்டில் எல்லார் வாயிலும் இந்தக் கதைதான். செல்வகுமாரி அக்கா இதைப் பிடித்துக்கொண்டாள் என்றார் வீரப்பண்ணன். "நல்லதுதானே அண்ணே" என்றேன். "நல்லதுதான்" என்றார்.

ஜனவரி 27

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

காற்று விட்டு இன்றுதான் முதல் டைவ். பெங்களூரிலிருந்து நாலு பேர். 'பார்' என்று மீனவர்கள் சொல்லும் பாறைத் திட்டுக்குப் போனோம். பவளம் அங்கங்கே படர்ந்திருக்கும், பக்கத்திலேயே எந்தக் காலத்திலோ மூழ்கின பழைய விசைப்படகு. எங்கள் டூரிஸ்ட்டுகளுக்கு அதுதான் பெரிய கவர்ச்சி. வலை மாட்டும் என்று மீனவர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். அதனாலேயே மீனும் அதிகம்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. கிளிமீன் கூட்டம், களவா ஒன்று, எல்லாம் பழையபடி. விசைப்படகின் முன்பக்கம் சுற்றி வந்தால் — சிவப்பு.

பின்பக்கம் எஞ்சின் கனத்தில் மணலில் புதைந்திருக்கிறது. முன்பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக. மஞ்சள் எழுத்து ஒன்று விடாமல் படிக்க முடிகிறது. மகாலட்சுமி. வலை பழைய படகின் கம்பத்தில் சுற்றி, அங்கிருந்து போட் மேல் மூடி, தரை வரைக்கும் கிடக்கிறது. வலையில் மீன் மாட்டியிருந்தது. சில உயிரோடு. அவர் வலை இன்னும் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவர் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வலைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை.

பின்னால் வந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு வந்து போட்டோ எடுத்தார்கள். ஒருத்தி சந்தோஷத்தில் எனக்கு ஓகே சைகை காட்டினாள். நானும் காட்டினேன். காட்டினேனே! வேறு என்ன செய்வது அந்த ஆழத்தில்?

மேலே வந்தபோது வீரப்பண்ணன் கை கொடுத்துத் தூக்கினார். வழக்கம்போல, "இன்னா பாப்பா, கீழ எப்பிடி?" என்றார்.

"கலங்கலா இருக்குதுண்ணே" என்றேன்.

ஜனவரி 28

முத்துக்குமார் சாரிடம் சொன்னேன். எங்கள் டைவிங் கடை முதலாளி, முதலில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் கஷ்டம்.

"ஆள் இல்லல்ல?"

"இல்ல சார்."

"அப்ப அவசரப்படாத. போலீஸ், பேப்பர்னு வந்தா அந்த எடத்தையே மூடிடுவாங்க. இப்பத்தான் சீசன் தொடங்குது. நானே நல்ல நேரம் பாத்து வீரப்பன் கிட்ட சொல்றேன்."

நல்ல நேரமாம்! இதற்குக்கூடவா நல்ல நேரம் பார்ப்பார்கள்?

பிப்ரவரி 2

கஸ்டமர்கள் இறங்கிப் போனதும் வீரப்பண்ணன் தண்ணீர் கேனை வைத்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"தம்பி போட்டு தானே?"

அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. அன்றைக்கு நான் ஏறி வந்த முகத்திலேயே தெரிந்துவிட்டதாம். தண்ணி கலங்கலாக இருந்தால் நான் திட்டிக்கொண்டே வருவேனாம், அன்று திட்டவில்லையாம். வலை மாட்டிக் கிடப்பதைச் சொன்னேன்.

"காத்துல வலை இழுத்துக்கினு போயி மாட்டியிருக்கும். அறுத்து வுட்டுட்டு வந்திருக்கலாம். புது வலை. மனசு வந்திருக்காது."

அக்காவிடம் எப்போது சொல்வது என்று கேட்டேன். உடனே கையைப் பிடித்துக்கொண்டார். "வாணாம் பாப்பா. கொழந்தைக்கு பரீட்ச வருது. ரெண்டு பேரும் அப்பா வருவாரு வருவாருன்னு ஒரு தெம்புல கீறாங்க. இப்ப சொன்னா அது எழுதாது. பரீட்ச முடியட்டும்."

எங்கள் வீட்டிலும் இப்படித்தான். தாத்தா இறந்ததை அண்ணனுக்குப் பரீட்சை முடிந்த பிறகுதான் சொன்னார்கள். அவன் அதற்கு யாரையும் மன்னித்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் சரி என்றேன். தம்பியை இழந்தவர் கேட்கிறார், நான் யார் முடியாது என்று சொல்ல?

பிப்ரவரி 11

போட்டில் பாசி பிடித்துவிட்டது. 'ம' மட்டும் மங்கல்.

பிப்ரவரி 18

நரேஷ் இன்று கஸ்டமர்களுக்கு விளக்கம் சொன்னது காதில் விழுந்தது. என்கூட வேலை செய்யும் பையன், சாதாரணமாக நல்லவன். "ஒரு ரெக் இல்ல சார், இப்ப ரெண்டு ரெக்! புதுசா ஒண்ணு வந்திருக்கு." மூழ்கின படகைத்தான் ரெக் என்போம். எல்லாரும் கைதட்டினார்கள்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அது யார் போட் தெரியுமா என்றேன். தெரியாது. சொன்னேன். முகம் செத்துப் போய்விட்டது. "முத்துக்குமார் சார்தான் சொல்லச் சொன்னாருக்கா" என்றான்.

சாரிடம் போய்க் கத்தினேன். அவர், "நீ அவங்க வீட்டுல வாய தொறக்க மாட்ட, நான் மட்டும் மூடிக்கணுமா?" என்றார். உண்மைதானே? வேலையை விட்டுவிட்டால்? விட்டால் மட்டும் அந்தப் போட் மேலே வந்துவிடுமா? குறைந்தபட்சம் அங்கே கூட்டிப் போகாமலாவது இருக்கலாம் என்று நான் வேறு பாறைக்கு அழைத்துப் போகிறேன். நரேஷ் கூட்டிப் போகிறான். யாரோ வீடியோவும் போட்டுவிட்டார்களாம்.

மார்ச் 5

பாகூரில் பஸ் ஸ்டாப்பில் செல்வகுமாரி அக்கா. ஒளிய முடியவில்லை. இளைத்துப் போயிருக்கிறாள். மகளுக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது, தேர்வு மையம் தூரம், இவளே கூடப் போய் வருகிறாளாம். அதெல்லாம் சொல்லிவிட்டு,

"ஏம்மா, நீ கடலுக்கு உள்ள போறியே. எதனா கண்ணுல பட்டுதா?"

நேராகப் பார்த்துக் கேட்டாள். சொல்லுடி, சொல்லித் தொலைடி என்று உள்ளே அடித்துக்கொள்கிறது.

"இல்லக்கா."

"படாம இருக்கற வரைக்கும் நல்லதுதான்" என்று என் தோளைத் தட்டினாள். எனக்கு ஆறுதல்! அவள் எனக்கு!

பஸ் வந்தது. ஏறவில்லை நான்.

மார்ச் 12

மாசி மகம். வில்லியனூர் சாமி கடலுக்குப் போகிறது. அம்மா கூப்பிட்டாள். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் கடலைக் கரையிலிருந்து பார்க்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 26

கடைசிப் பரீட்சை. சாயந்திரம் வீரப்பண்ணன் கூப்பிட்டார். "கண்ணால பாத்தவ நீ. நீயும் கூட இரு பாப்பா." போனேன்.

மகாலட்சுமி பள்ளிக்கூட யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அக்கா எங்களுக்குக் காபி போட உள்ளே போனாள். வீரப்பண்ணன் தொண்டையைச் செருமினார், செருமினார். நான் ஆரம்பித்தேன். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தியது.

"எனக்குத் தெரியும்க்கா. வீடியோ வந்துது. என் பேரு நல்லாவே தெரியுது."

"எப்போ?" என்றார் வீரப்பண்ணன்.

"போன மாசமே, பெரிப்பா."

"அத்த வச்சிக்கினா பரீட்ச எழுதன?"

"அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் எழுதனேன். நான் எழுதாம படுத்துக்கினா அம்மா கண்டுபுடிச்சிடும். அம்மா தாங்காது."

எவருக்காக நாங்கள் மூடி மறைத்தோமோ, அது எங்களுக்கு முன்னால் தனியாக அழுது முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. வீரப்பண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள், கையில் காபி டம்ளர்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். டம்ளர்களைக் கீழே வைத்தாள். ஒன்றும் சிந்தவில்லை. ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். என்னைக் கடைசியில்.

"அப்ப நான் ஒருத்திதான் தெனம் ராவுக்கு அவருக்குன்னு சோறு எடுத்து வச்சிக்கினு இருந்தனா?"

டம்ளர்களைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"காலைல அத்த எடுத்துத் தண்ணி ஊத்தி நானே துன்னேன். நீங்க பாத்துக்கினே இருந்தீங்களா?"

மார்ச் 27

எங்கள் பெரிய மனசு, எங்கள் இரக்கம், எல்லாம் நாசமாய்ப் போக.

ஏப்ரல் 1

மணப்பட்டில் ஊர் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். ஆள் கிடைக்கப் போவதில்லை. நாளை மறுநாள் காரியம். போலீசுக்கும் சொல்லிவிட்டார்கள். இனி முத்துக்குமார் சாரிடம் யாரும் நல்ல நேரம் கேட்கப் போவதில்லை.

அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். உடம்பு இல்லாமல் வெறும் சட்டையை வைத்துக் காரியம் செய்ய மனசு ஒப்பவில்லை. கடைசியாக அவர் கை பட்டது எதாவது அந்தப் போட்டில் இருந்தால் எடுத்து வர முடியுமா? அவ்வளவுதான் கேட்டாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லி அனுப்பவில்லை.

செயினும் மோட்டாரும் கேட்டவர்களுக்கெல்லாம் முடியாது என்றவள், இதற்கு முடியும் என்றேன்.

ஏப்ரல் 2

கஸ்டமர் கிடையாது. நானும் நரேஷும் மட்டும். வீரப்பண்ணன் ஓட்டினார்.

கீழே தண்ணீர் இழுப்பு. கத்தியால் வலையை அறுக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் அறுத்தால் இன்னொரு பக்கம் கையில் சுற்றிக்கொள்கிறது. நரேஷ் பிடித்து விலக்கினான். செத்த மீன், எலும்பு, ஓட்டோடு நண்டு, ஒவ்வொன்றாக உதிர்ந்தது. போட்டுக்குள் சின்னச் சின்ன மீன்கள் குடிவந்திருந்தன, என்னைப் பார்த்து ஓடக்கூட இல்லை. துடுப்பு இல்லை. சட்டை இல்லை. சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வந்தது. வெறுங்கையோடு ஏறி அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்கு மூச்சு வேறு வேகமாகிவிட்டது. நரேஷ் மேலே போகலாம் என்று சைகை காட்டினான். காட்டியது தெரியாத மாதிரி இருந்தேன்.

முன்பக்கப் பலகைக்கு அடியில் கை விட்டுத் துழாவினேன். கயிற்றில் கட்டியபடி ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. மேலெல்லாம் பாசியும் சிப்பியும்.

அறுத்து எடுத்துக்கொண்டேன்.

கரையில் அக்கா நின்றிருந்தாள், மகாலட்சுமியும். வெட்சூட் உடுப்போடு இறங்கிப் போய்க் கொடுத்தேன். வாங்கி முந்தானையால் துடைத்தாள். இரண்டு பக்கத்துக் கிளிப்பையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"போட்டு வுட்ட கிளிப்பு போட்ட மேனிக்கே கீது. சாப்புடல."

வீரப்பண்ணன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எதாவது சொல்லியிருக்க வேண்டும். எடுத்துக் கொடுத்ததே தப்போ? எந்த நல்லதைச் செய்தாலும் அவளுக்கு இப்படித்தான் போய்ச் சேருகிறது.

அவள் அழவில்லை. கிளிப்பை நெம்பித் திறந்தாள். கடல் தண்ணீரும் கொஞ்சம் கறுப்புச் சேறும்தான்.

"நாளைக்குப் படையல் சோத்த இதுலயே போட்டு வெக்கறேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

வீட்டுக் குழாயடியில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். சிப்பி ஒட்டினது சுலபத்தில் போகவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்திலிருந்து நான் மொண்டு மொண்டு ஊற்றினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.