வெட்டுத்துணி மூட்டை

பாலசமுத்திரம்
12.8.2024

புஜ்ஜி,

அக்கா எழுதுகிறேன். உன் போன் இப்போது உன் மாமியாரிடம் இருக்கிறது. பழக்கத்தில் உன் நம்பரை அழுத்திவிட்டேன். "எவுரு?" என்று தெலுங்கில் அவர் குரல் வந்ததும் வைத்துவிட்டேன். அதனால்தான் காகிதம். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து, தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

உன் பெண் நன்றாக இருக்கிறாள். பால் பவுடர் ஒத்துக்கொண்டது. அழுதால் உன் குரலேதான். "யார் வூட்ல மைக் செட்டு கட்டிக்கினு கீறாங்க?" என்று கேட்டுக்கொண்டே வருகிறாள் எதிர்வீட்டுச் செங்கமலம்.

உன் புடவை, ஜாக்கெட், நைட்டி எல்லாம் காரியத்தன்றே வண்ணாருக்குக் கொடுத்துவிட்டோம். செத்தவர் துணி ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்றார்கள். நானும் வைத்துக்கொள்ளவில்லை. நேற்று தையல் மெஷினைத் துடைக்கப் போனால், அதற்குப் பின்னால் அரிசிக் கோணியில் உன் வெட்டுத்துணி மூட்டை. அதற்குள் நீ குழந்தைக்கென்று பாதி தைத்த விரிப்பு.

பிரசவத்துக்கு வந்தவள் சும்மாவா இருந்தாய். தெருவுக்கே ஜாக்கெட் தைத்தாய். மிஞ்சிய துணியை நீள நீளமாக வெட்டி, பழைய வேட்டி மேல் வைத்து மெஷினில் ஓட்டினாய். எதற்கடி இந்தக் குப்பை என்று கேட்டேன். "என் பொண்ணு படுத்தா இந்த ஊரே அவளுக்குக் கீழ கெடக்கணும்கா" என்றாய்.

மீதியை நான் தைக்கிறேன். எனக்கு மெஷின் வராது, கைத்தையல்தான். உன் தையல் நேராகப் போகிறது. நான் தொட்ட இடத்திலிருந்து வரப்பு மாதிரி வளைகிறது. பார்த்தால் திட்டுவாய்.

உன் அக்கா
யமுனா

•

பாலசமுத்திரம்
16.9.2024

புஜ்ஜி,

விரிப்பு முடிந்தது. உன் பெண் அதில் குப்புற விழுந்து, ஒரு சிவப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு அதோடு பேசுகிறாள்.

நேற்று உன் மாமியாரும் ஹரிபாபுவும் திருப்பதியிலிருந்து வந்தார்கள். உன் வீட்டுக்காரர் பாதியாகிவிட்டார். குழந்தையைத் தூக்கத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தினி நாளு பாத்துக்கினியே, உனக்குக் கையெடுத்துக் கும்புடறேன்" என்றார் உன் மாமியார். "சித்தூர்ல பெரியவளுக்குப் பிரசவம் பாத்துட்டு வந்துட்டேன். இனிமே எங்க கொழந்த எங்க வூட்ல வளரட்டும். ஐப்பசி பொறந்ததும் தூக்கிக்கினு போறோம்."

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் அத்தே" என்றேன்.

"உனக்கு இல்லன்னு எங்களுத வச்சிக்கலாம்னு பாக்கறியா?"

"அம்மா, சும்மா இரு" என்றார் ஹரிபாபு. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பழனி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றவன் கேட்கும்போது அவரும் என்ன சொல்வார்.

அப்போதுதான் உன் மாமியார் விரிப்பைப் பார்த்தார். நீ தைத்தது என்றேன். வெடுக்கென்று குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"செத்தவ துணியிலயா படுக்க வச்சிக்கினு கீற? அது கூட இருந்தா அவ கொழந்தையக் கூப்டுக்குவா."

"அவ கட்டின துணி இல்ல அத்தே. தெருவுல எல்லார் துணியும். அல்லாரும் உசுரோட கீறாங்க."

"அவ துண்டு ஒண்ணுகூட இதுல இல்லன்னு கொழந்த தலைல கைய வச்சி சொல்லு. நானே மடிச்சி எடுத்துக்கினு போறேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை புஜ்ஜி. கத்தினாரே தவிர, குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டே இருந்தார். மருமகள் போய்விட்டாள், பேத்தியும் போய்விடுவாளோ என்ற பயம்.

குழந்தையை நிறுத்திவைக்க எனக்கு வழி இல்லை. இந்த விரிப்பாவது அவளோடு போகட்டும். பெற்றவள் கைபட்டது என்று அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

அக்கா

•

பாலசமுத்திரம்
30.9.2024

புஜ்ஜி,

நேற்று விரிப்பை வாசலில் போட்டு, தெருப் பெண்களைக் கூப்பிட்டேன். வேர்க்கடலை பிடுங்கிவிட்டு மண் கையோடு வந்தார்கள். அவரவர் துண்டைக் காட்டுங்கள், உரிமை சொன்னதில் சாக்பீசால் கோடு போடுகிறேன், மற்றதைப் பிரித்துவிடுகிறேன் என்றேன்.

கடைசி வீட்டு ரத்தினம்மாதான் முதலில் குனிந்தாள். "இந்த ஆரஞ்சு என்னுது. கை புடிக்குதுடீன்னு கேட்டா, நீ துன்றத கொறச்சிக்கோ பெரிம்மா, ஜாக்கெட்டு தானா சரியாப் பூடும்ன்றா உன் தங்கச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். ரத்தினம்மாவும் சிரித்துவிட்டு, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் புடிக்குதுடீ. யார்கிட்ட போயி பிரிக்கச் சொல்றது?"

செங்கமலம் தன் நீல ஜாக்கெட்டையே கொண்டுவந்து துண்டின் மேல் வைத்துக் காட்டினாள். காலேஜ் போகிற யாமினி, லைனிங் துணியைக்கூட விடாமல் கண்டுபிடித்தாள். ரோஸ் கலர் ஒன்றை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "யாருதா இருந்தா இன்னா, ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் கீறீங்க இல்ல" என்று செங்கமலம் தீர்ப்பு சொன்னாள்.

யாரும் கேட்காத துண்டுகளைப் பிளேடால் பிரித்தேன். ஒவ்வொன்றும் உன்னுடையதாக இருக்குமோ என்று முகர்ந்து பார்த்தேன். எல்லாம் கோணி வாசனைதான். அந்த இடங்களில் பழனியின் லுங்கியை வெட்டி வைத்துத் தைத்தேன். "நானும் உசுரோட கீறேன்னு கணக்குல சேத்துட்டியா?" என்றார். வெகு நாள் கழித்து வீட்டில் ஒரு சிரிப்பு.

உன் மாமியாருக்குப் போன் செய்து சொன்னேன். "சரி, சத்தியம் பண்ணிக் குடு, எடுத்துக்கறேன்" என்றார்.

அக்கா

•

பாலசமுத்திரம்
18.10.2024

புஜ்ஜி,

நாளைக் காலை வருகிறார்கள். அவள் சட்டைகள், பால் பாட்டில், கிலுகிலுப்பை எல்லாம் பையில் வைத்துவிட்டேன். விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டேன். வெயிலில் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

நடுவில் நீ முதல்முதலாகத் தைத்த இடத்தில் பச்சைத் துண்டுகள் இருக்கின்றன, மஞ்சள் பூப்போட்டது. அன்றைக்கு அதை என்னுடையது என்று நினைத்து, யோசிக்காமல் நானே கோடு போட்டேன். அந்த ஜாக்கெட் என் பெட்டியில் இருக்கிறது. ஆனால் பொங்கலுக்குப் புத்தூரில் அந்தத் துணியை நீ எடுத்தது இரண்டு பேருக்கும். ஒரே துணியை விரித்து, ஒன்றாக வெட்டி, எனக்கு ஒன்று உனக்கு ஒன்று தைத்தாய். உன்னுடையது வண்ணாரோடு போய்விட்டது. மிஞ்சிய துண்டுகள் எல்லாம் இந்த நடுவில் கலந்து கிடக்கின்றன.

என் ஜாக்கெட்டை எடுத்து ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தேன். பழனியும் பார்த்தார். "ஒரே துணிய எப்டி பிரிச்சிப் பாக்கறது யமுனா?" என்றார்.

மற்றதையெல்லாம் நீ அந்தப் பச்சையோடு பிடித்துத்தான் தைத்திருக்கிறாய், எல்லாப் பச்சையையும் எடுத்துவிட்டால் நீ தைத்த இடமே பிரிந்து போய்விடும். மிச்சம் என் கோணல் தையல்தான். அதை அவளுக்கு உங்கம்மா தைத்தது என்று எப்படிச் சொல்வது? எடுக்காமல் விட்டால் நாளை அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அவளை நீ கூப்பிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவளுக்குக் காய்ச்சல் வந்து நான் பக்கத்தில் இல்லாத ஒரு நாளை நினைத்தால் கை ஓடவில்லை. உன் மாமியாருடைய பயம் எனக்கும் வந்துவிட்டது.

பிளேடு கையில் இருக்கிறது. உன் பெண் விரிப்பின் நடுவிலேயே மல்லாந்து படுத்து, காலை உதைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

நீதானே வெட்டினாய் புஜ்ஜி. இதில் என்னுது எது, உன்னுது எது?