கசங்கிய ஒரு சாண் நாடா

கோப்பாய்,
09.11.1986

என்றும் அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் குளிரும் சண்டை பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. அவருக்கும் தபால் தாமதம்போல.

இந்த உறைக்குள் இரண்டு தாள்கள் இருக்கும். கோடு போட்ட தாளில் இருப்பது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. எழுத்து என்னுடையது, பொய் அம்மாவுடையது. அதில் "நீ காசனுப்பி வாங்கின ரீவி நல்ல வடிவாய் வேலை செய்யுது" என்று ஒரு வரி வரும். அதை நம்பவேண்டாம். போன மாதம் இருபத்துமூன்றாம் திகதி பின்னேரம் மின்னல் விழுந்து ரீவியும் வீடியோ டெக்கும் எரிந்துபோயின. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. என்ரை தலைமயிர்கூடக் கருகவில்லை.

தெரிந்தால் நீங்கள் இன்னொரு ரீவிக்காக இன்னொரு கடையிலும் கோப்பை கழுவப் போய்விடுவீர்கள் என்பது அம்மாவின் பயம். அதனால்தான் மறைக்கச் சொன்னார். நான் ஏன் இப்போது சொல்லுகிறேன் என்பது கடைசியில் வரும். நேரே கடைசிக்குப் பாயாமல் ஒழுங்காக வாசித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும்.

கொழும்புக்கு வந்தவரிடம் நீங்கள் கொடுத்துவிட்ட வீடியோ கசெற் எங்கள் கைக்கு வந்தது இருபதாம் திகதி. வந்த அன்றைக்கே கறண்ட் போய்விட்டது. மூன்று நாள் அம்மா அந்தக் கசெற்றைச் சீலைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்து, காலையும் மாலையும் எடுத்துப் பார்த்தார். நாடாவைக் கண்ணாலே பார்த்தால் அதில் நீங்கள் தெரிவீர்களோ என்று என்னிடம் கேட்டார். நான் ஓம், ஆனால் எறும்பளவில்தான் தெரிவார் என்றேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடப் போனார். பாவம் என்று பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இருபத்துமூன்றாம் திகதி நாலு மணிபோல் கறண்ட் வந்தது. வந்ததும் ஒழுங்கை முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அருமைநாயகி மாமியைச் சொல்ல வேண்டுமா. பக்கத்து வீட்டிலிருந்து தன் கதிரையோடேயே வந்து, ரீவிக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தார். மாமியின் கொண்டைக்கு மேலாக உங்கள் நெற்றி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் "அம்மா, ஐயா, சுகமா" என்று தொடங்கினீர்கள். மாமியும் தொடங்கினார். "உவன் நல்லாக் கறுத்துப்போனான்", "உது ஆரின்ரை சேட்டு", "உந்தக் கட்டிலிலை எத்தினை பேர் படுக்கிறவங்கள்" என்று ஓயாத வர்ணனை. நீங்கள் யன்னலைத் திறந்து ஏதோ காட்டினீர்கள். அது பனியா, பக்கத்து வீட்டுச் சுவரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் எதுவும் இடைஞ்சலில்லை. ரீவிக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி, உங்கள் முகம் எங்கே போகிறதோ அங்கே கையையும் கொண்டுபோனார்.

அப்போதுதான் கிழக்கே முழங்கியது.

அண்ணை, அது இடி. எனக்கு நன்றாகத் தெரியும். ஆமி அடிக்கிற செல் என்றால் தூரத்தில் ஒருமுறை குத்தும், பிறகு தலைக்குமேல் கூவிக்கொண்டு வரும், பிறகு எங்கேயோ விழும். இடி வானம் முழுக்க மேசை இழுத்ததுபோல உருளும். எங்கள் வகுப்பில் கணக்கில் முட்டை வாங்குகிறவர்கள்கூட இதில் பிழை விடமாட்டார்கள். அது இடிதான் என்று தெரிந்துகொண்டே, அடிவயிற்றிலிருந்து "செல்லடிக்கிறாங்கள், ஓடுங்கோ" என்று கத்தினேன்.

மாமியின் கொண்டை எழும்ப வேண்டும் என்பதுதான் என் திட்டம். எல்லோரும் முற்றத்துப் பங்கர்க் குழிக்குள் போனதும் நான் கசெற்றைப் பின்னுக்கு ஓடவிட்டு, முதலிலிருந்து உங்களைத் தனியாகப் பார்க்க இருந்தேன். முழுவதும் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும் என்றுதான் நினைத்தேன்.

முன்பென்றால் இடி இடித்தவுடன் அம்மா என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். நிலைக்கண்ணாடியைச் சீலையால் மூடி, இரும்பு அலவாங்கை முற்றத்தில் எறிந்து, அருச்சுனன் பெயரைப் பத்துத்தரம் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார். ரீவி வந்த பிறகு அதன் பிளக்கையும், அன்ரனா வயரையும் கழற்றுவது இந்த வரிசையில் சேர்ந்தது. நீங்களும் கடிதத்துக்குக் கடிதம் அதைத்தான் எழுதினீர்கள். ஆனால் செல் என்றால் வரிசை வேறு. ஒன்றையும் தொடக்கூடாது, ஒன்றையும் எடுக்கக்கூடாது, போட்டது போட்டபடி ஓடவேண்டும். போன வைகாசி தொடக்கம் ஐயா எங்களைப் பழக்கிவைத்தது அப்படித்தான். அன்றைக்கும் எல்லோரும் பழக்கிய மாதிரியே நன்றாக ஓடினார்கள்.

மாமிதான் முதலில். பங்கர் வாசலில் மாமி பாதி உள்ளே, பாதி வெளியே என்று இறுகிப்போய் நிற்க, பின்னால் நின்றவர்கள் தள்ள, மாமி "மெல்லடா, மெல்லடா, நான் என்ன மூட்டையே" என்று கத்த, நான் கூடத்தில் நின்று சிரித்துக்கொண்டு டெக்குக்குக் கை நீட்டினேன். அந்தநேரம் ஐயா ஓடிவந்து என் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே போட்டார்.

உள்ளே இருட்டு. வெளியே மழை தொடங்கியது. கூடத்தில் நீங்கள் இன்னும் கதைத்துக்கொண்டிருப்பது பங்கருக்குள் முணுமுணுப்பாகக் கேட்டது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம், அது இடி, வாருங்கள் போவோம் என்று. சொன்னால் பூசை விழும். அதனால் பேசாமல் இருந்தேன். ஒரு நாலைந்து நிமிடம் போயிருக்கும். மண்மூட்டைகளுக்கு இடையிலிருந்த இடைவெளிகளெல்லாம் ஒன்றாக வெள்ளையாயின. வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து வந்தன. காது அடைத்துப்போய், திரும்பத் திறந்தபோது உங்கள் குரல் இல்லை.

அம்மா வாய் திறந்து சொன்ன முதல் சொல் "கசெற்".

போய்ப் பார்த்தோம். இந்தியா ரீவி பிடிக்கவென்று ஐயா நாட்டின நாற்பதடிக் குழாயில் அன்ரனாவின் பாதியைக் காணவில்லை. வயர் வந்த வழி முழுக்கச் சுவரில் கறுப்புக் கோடு. ரீவியின் பின்பக்கம் உருகி, றப்பர் எரிந்த மணம். மாமியின் கதிரைக்கு நேரே ஒரு முழத்துக்குச் சாந்து பெயர்ந்து கிடந்தது. ரீவிக் கண்ணாடி, அம்மா கை வைத்திருந்த இடத்திலிருந்து மேலே வெடித்திருந்தது.

அதைப் பார்த்ததும் அம்மா என்னைப் பிடித்துக் கட்டிக்கொண்டு அழுதார். "என்ரை பிள்ளை கத்தியிருக்காட்டி நாங்கள் எல்லாரும் கரி" என்றார். மாமியும் என் தலையைத் தடவி, இந்த வாயை இனி ஒருநாளும் ஏசமாட்டேன் என்று சத்தியம் செய்தார். இரண்டு நாள் ஏசவில்லை. அம்மா என் பெயரில் அருச்சனை செய்து, திருநீற்றைக் கொண்டுவந்து நெற்றியில் பூசியபோது எனக்கு நெற்றி எரிந்தது. நான் கத்தாமல் இருந்திருந்தால் அம்மா வழக்கம்போல வயரைக் கழற்றியிருப்பார், பிளக்கையும் கழற்றியிருப்பார், ரீவி தப்பியிருக்கும். கழற்றுகிறபோதே விழுந்திருந்தால் அம்மாவே இல்லை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். விடை நாளுக்கு ஒன்றாக வருகிறது.

கசெற் டெக்குக்குள் சிக்கிப்போய் இருந்தது. ஐயா அதைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, சந்தியில் றேடியோ திருத்துகிற ஏரம்பு அண்ணையிடம் கொண்டுபோனார். அம்மாவும் நானும் பின்னால் நடந்தோம், ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோகிறவர்கள் மாதிரி. ஏரம்பு அண்ணை மூடியைக் கழற்றி மணந்து பார்த்துவிட்டு, ரீவியை மறக்கச் சொன்னார், டெக்கைப் பற்றி மாரி முடிய யோசிக்கலாம் என்றார். அம்மா, "டெக் எரிஞ்சு போகட்டும் தம்பி, பிள்ளையை எடுத்துத் தாரும்" என்றார். கறண்ட் நின்றபோது நாடா உருளையில் சுற்றியபடியே நின்றுவிட்டதாம். இழுத்தால் அறும். அவர் ஒரு சின்னச் சில்லை விரலால் மயிரிழை மயிரிழையாகச் சுற்றி, மத்தியானம் தாண்டித்தான் கசெற்றை வெளியே எடுத்தார். அறவில்லை. ஒரு சாண் நீளம் மட்டும் கசங்கிவிட்டது.

வேலை செய்துகொண்டே அவர், வயரை ஏன் ஒருவரும் கழற்றவில்லை என்று கேட்டார். அம்மா என் பெருமையைச் சொன்னார். ஏரம்பு அண்ணை என்னைப் பார்த்து, "அண்டைக்கு நான் கடையிலைதான் இருந்தனான். எனக்கு இடி மட்டும்தான் கேட்டது. தங்கச்சிக்கு நல்ல காது" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் அவர் சொன்னபடிதான். இடியோ செல்லோ, வானம் கறுத்தாலே பிளக் சுவரில் இருக்கக்கூடாது. சுவிச்சு ஆழியை நிறுத்தினால் போதாது, கழற்றவேண்டும். அன்ரனா வயரின் நுனி வீட்டுக்கு வெளியே கிடக்கவேண்டும். குழாயின் அடியிலிருந்து செப்புக்கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்ட குழியில் ஐயா தாட்டிருக்கிறார். கறண்ட் போய்த் திரும்பி வந்தால் பத்து நிமிடம் பொறுக்கவேண்டும், வருகிறபோது துள்ளிக்கொண்டு வருமாம். எல்லாம் சரியாகச் செய்கிறோம். பாதுகாக்க வீட்டில் ஒரு றேடியோவும் மூன்று மின்குமிழும்தான் மிச்சம். ரீவி பூப்போட்ட துணி மூடிக் கூடத்தில் இருக்கிறது. யாராவது கேட்டால் அம்மா "கறண்ட் இல்லை" என்கிறார். நாளில் பாதி அது உண்மைதான்.

கசெற்றை வெளியே எடுத்த அன்றைக்கே ஏரம்பு அண்ணையின் கடையில், யாரோ திருத்தக் கொடுத்த டெக்கிலும் முதுகில்லாத ரீவியிலும் அதைப் போட்டுப் பார்த்தோம். அம்மா நின்றபடியே பார்த்தார். உங்கள் கைவிரல்கள் வெடித்திருப்பதைக் கண்டார். நடுவில் நீங்கள் கட்டிலில் இருந்து, குனிந்து, நிமிர்ந்து, "அம்மா, நான்" என்று சொன்னீர்கள். அந்த இடத்தில்தான் கசங்கல். படம் முழுக்கக் கோடு, சத்தம் முழுக்க இரைச்சல். பத்து எண்ணுகிற நேரம். திரும்ப நீங்கள் வந்தபோது மற்றப் பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சிரித்து, சமைத்த கறியைக் காட்டத் தொடங்கிவிட்டீர்கள்.

அம்மா திரும்பப் போடச் சொன்னார். நாலுதரம் போட்டோம். நாலுதரமும் கோடுதான்.

வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடவில்லை. "என்ன சொன்னவன், ஏன் அழுதவன்" என்று ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். வருத்தம் ஏதுமோ, திருப்பி அனுப்பப்போகிறார்களோ, அங்கே ஆரும் அடிக்கிறார்களோ. மூன்றாம் நாளும் அம்மா அடுப்பு மூட்டாமல் இருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குக் கடைசியாக வீட்டைவிட்டு வெளிக்கிட்டது நான்தானே, அந்த இடம் என் காதில் விழுந்தது என்றேன். "அம்மா, நான் உங்கடை புட்டையும் மீன் குழம்பையும் நினைக்காத நாளில்லை" என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னேன்.

"அதுக்கே அழுதவன்? தீன்பண்டாரம்" என்றார் அம்மா. பிறகு தானும் அழுதார். பிறகு எழும்பி மாவை எடுத்தார்.

என் பின்னலைப் பிடித்து இழுத்தவர் ஐயா. நான் எப்போது வெளிக்கிட்டேன், எதைக் கேட்டிருக்கலாம், எதைக் கேட்டிருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அம்மாவுக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுக் கிணற்றடியில் நானே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கத்தியதிலிருந்து. அடிப்பார் என்று நினைத்தேன். துலாவை இழுத்து வாளியைக் கட்டில் வைத்துவிட்டு, "கொண்ணைக்கு எழுது. உள்ளதை எழுது" என்றார். முத்திரையும் அவர் தந்ததுதான்.

அண்ணை, ரீவி வேண்டாம். டெக் வேண்டாம். அந்த ஒரு சாணுக்குள் நீங்கள் சொன்னது என்ன என்று எழுதுங்கள். நாங்கள் ஒருவரும் கேளாத நேரம் அதைச் சொல்லிவிட்டீர்கள். கேளாமல் செய்தவள் நான், அதனால் நான்தான் கேட்கவேண்டும்.

நல்ல செய்தி என்றால் அம்மாவின் பெயருக்கே எழுதுங்கள், ஒழுங்கை முழுக்க வாசிக்கட்டும். அப்படி இல்லாவிட்டால் ஐயாவின் பெயருக்கு, வீட்டுக்கில்லாமல் சங்கக்கடை முகவரிக்குப் போடுங்கள். ஐயாவும் நானும் வாசிப்போம். உங்களுக்கு வருத்தம் என்றாலும் எழுதுங்கள், திரும்பி வர வேண்டிவந்தாலும் எழுதுங்கள். ஐயா ஏசமாட்டார். நானும் பகிடி பண்ணமாட்டேன்.

எதுவாக இருந்தாலும் அம்மாவுக்கு எழுதுகிற அடுத்த கடிதத்தில் புட்டையும் மீன் குழம்பையும் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கையெழுத்து நடுங்காமல் எழுதுங்கள், அம்மா அதையும் பார்ப்பார்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ஞானாம்பிகை