வாசல் விளக்கு

ஜூன் 3, செவ்வாய்
நகராட்சிக் கையேட்டுக்கு ஊரைப் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஜப்பான் கடலைப் பார்த்த சிறு நகரம், பழைய கப்பல் முதலாளிகளின் கறுப்பு மரவீடுகள், கணவாய் மீன். திருவிழாவுக்கு: "அன்று எல்லா வீட்டு வாசலிலும் காகித விளக்கு தொங்கும். சாமிப் பல்லக்கு ஒவ்வொரு வாசலிலும் நின்று வீட்டுக்காரரின் பெயரைக் கூப்பிடும். உள்ளிருந்து பதில் வந்த பிறகே நகரும்." பிரிவுத் தலைவர் நன்றாக இருக்கிறது என்றார். சரி.

ஜூன் 11, புதன்
மழை. சோற்று உருண்டையில் பாதியை அப்படியே வைத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி
பக்கத்து வீட்டு ஹமானோ அக்கா வந்தாள். தெருவின் திருவிழாப் பொறுப்பு இந்த வருஷம் அவளுக்கு. "சிஸே, விளக்கு போடறியா இல்லையா? பல்லக்கு தூக்கறவங்களுக்குச் சொல்லணும்."

சாவு விழுந்த வீட்டில் விளக்கு கிடையாது. பல்லக்கும் மேளத்தை நிறுத்திக்கொண்டு கடந்து போய்விடும். பிப்ரவரியில் கடலுக்குப் போன என் கணவர் இசாவோவின் படகுதான் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

"உன் புருஷன் கொரியாக் கரையில எவளையாவது கட்டிக்கிட்டு உக்காந்திருக்கானோ என்னவோ" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் அழுதாள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்
கொழுந்தன் ரொகுரோ தர்பூசணியோடு வந்தான்.

"அண்ணி, விளக்கு தொங்கினா நான் பல்லக்குக்குத் தோள் கொடுக்கலாம். இல்லேன்னா நானும் துக்கக்காரன்."

"உனக்கு எது வேணும்?"

"அண்ணன் நின்ன இடத்துல நிக்க ஆசைதான். அதுக்காக உங்கள எதுவும் சொல்லச் சொல்ல மாட்டேன்."

ஏன் எல்லாரும் என்னையே கேக்கறாங்க? விளக்கு போடலேன்னா நானே அவரைக் கொன்ன மாதிரி ஆகாதா? போய் கடலைக் கேக்க வேண்டியதுதானே.

ஜூலை 5, சனி
விளக்கை வெளியே எடுத்தேன். எலி கடித்த இடத்தில் போன வருஷம் அவர் காகிதம் ஒட்டியிருக்கிறார் — கோணலாக. போடுகிறேன் என்று ஹமானோ அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு
சாயங்காலம் பல்லக்கு வாசலில் நின்றது. ரொகுரோ அவர் இடத்தில் நின்று, "இசாவோ!" என்று கூப்பிட்டான். வருஷா வருஷம் நான்தான் பதில் சொல்வேன், "உங்க நடுவுலதான் நிக்கறார், கண்ணு தெரியலையா?" என்று. கூட்டம் சிரிக்கும்.

வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை. ரொகுரோ இன்னொரு தடவை கூப்பிட்டான், குரல் உடைந்து. பதில் சொல்ல இந்த வீட்டில் யாரும் இல்லை. இத்தனை மாதமாகத் தெரிந்ததுதான். இன்றைக்குத்தான் வலித்தது.

நானே ஸ்டூல் போட்டு ஏறி விளக்கைக் கழற்றினேன். மேளம் நின்றது. ரொகுரோ தோளை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். வேறொருவர் அந்த இடத்துக்குப் போனார். பல்லக்கு சத்தமில்லாமல் கடல் பக்கம் போனது. இருவரும் அங்கேயே நின்று அழுதோம்.

ஜூலை 22, செவ்வாய்
கையேட்டில் "எல்லா வீட்டு வாசலிலும்" என்பதை அடித்துவிட்டு, "துக்கம் இல்லாத வீடுகளின் வாசலில்" என்று திருத்தினேன். "மற்ற வீடுகளை மேளத்தை நிறுத்திக் கடப்பார்கள்" என்றும் சேர்த்தேன்.

"சுற்றுலா வர்றவங்களுக்கு இது எதுக்கும்மா?" என்றார் பிரிவுத் தலைவர்.

இருக்கட்டும் என்றேன். என் வீடும் அதில் இருக்கிறது.