‘மற்றவை’யில் கிடந்த ரிப்போர்ட்

வில்லியனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் பாப்பாவும் இருக்கிறோம். நீங்கள் எங்கே இருந்தாலும் மாதா உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். போன் ஸ்விட்ச் ஆஃப் என்றே வருகிறது. ஓசூரில் உங்களோடு படித்த பாக்யராஜ் அண்ணன் அறைக்குத்தான் போயிருப்பீர்கள் என்று நினைத்து இதை அனுப்புகிறேன்.

சுத்துக்கேணி ரோசம்மாள் பிழைத்துக்கொண்டார். நேற்று ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று பூசை முடிந்து நேராகப் போய்ப் பார்த்தேன். கஞ்சி குடித்தார். கால் வீக்கம்தான் இன்னும் வடியவில்லை.

நடந்ததை லேப் கஸ்தூரி சொன்னாள். லேபுக்கு வரும் பைல்களை வகை பார்த்துப் பிரிக்க, ஜாவாவில் கேமல் என்ற மென்பொருளை வைத்து ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தீர்களே, அதில் பைல் பெயரின் கடைசியில் பிடிஎஃப் என்று இங்கிலீஷ் சின்ன எழுத்தில் இருந்தால்தான் டாக்டருக்குப் போகுமாம். புது மெஷின் அதையே பெரிய எழுத்தில் போட்டு அனுப்பியிருக்கிறது. எந்த வகையிலும் சேராமல் எல்லாம் ‘மற்றவை’ போல்டரில் போய் விழுந்திருக்கிறது. ரோசம்மாளுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்த ரிப்போர்ட்டும் அங்கேதான் கிடந்ததாம். அவர் மயங்கி விழுந்த பிறகுதான் தேடினார்களாம். அதைப் பார்த்ததும் நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள் என்றாள்.

ரோசம்மாளின் மகன் அய்யனார் நம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, “இன்னாக்கா, டேனியல் சார் எங்க போயிட்டாரு? அந்த மெஷினு இன்னும் அப்டியேதான் பைலு அனுப்பிக்கினு இருக்குதாம். வந்து சரி பண்ணச் சொல்லுங்க. இன்னொரு வூட்டுல இப்டி ஆவக் கூடாது” என்றார். கோபம்தான். ஆனால் போலீஸ் என்ற பேச்சே எடுக்கவில்லை.

உங்கள் புரோகிராமைத் தொட லேபில் யாருக்கும் தெரியவில்லை. கஸ்தூரிதான் அந்தப் போல்டரைத் திறந்து திறந்து பார்த்துக் கையாலேயே டாக்டருக்கு அனுப்புகிறாள். அவள் கொஞ்சம் கண் அசந்தால் யாருடைய ரிப்போர்ட் விட்டுப்போகுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. வாட்சையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அத்தை கண்ணில் படுவதற்குள் எடுத்து ஒளித்துவிட்டேன். வேலை விஷயமாகப் போயிருக்கிறீர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

வேலை போனால் போகட்டும். இங்கே வரக் கூச்சமாக இருந்தால் அங்கிருந்தே சரிசெய்து கொடுங்கள். எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். என்னைத் திட்டி எழுதினாலும் சரி, உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

ஆண்டவர் உங்களைக் கைவிட மாட்டார். நானும்தான்.

உங்கள்
ஆரோக்கியசெல்வி